ஆன்டிபயாடிக் எப்போது வேண்டும், எப்போது வேண்டாம்?

உடம்பு கொஞ்சம் முடியவில்லை என்றால் சாதாரண மாத்திரை, ரொம்ப முடியவில்லை என்றால் ஆன்டிபயாடிக். பலர் மனதில் இருக்கும் கணக்கு இதுதான். கணக்கின் அடிப்படையே தவறு. நோய் எவ்வளவு கடுமையானது என்பது ஒரு விஷயம். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யுமா என்பது வேறு விஷயம். டெங்கு ஆளையே சாய்த்துவிடும். மருத்துவமனையில் சேர்த்து மணிக்கு மணி கவனிக்க வேண்டியிருக்கும். ஆனாலும் அதில் ஆன்டிபயாடிக்கால் ஒரு பயனும் இல்லை. இன்னொரு பக்கம், கர்ப்பிணி ஒருவருக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லை, சிறுநீர்ப் பரிசோதனையில் மட்டும் பாக்டீரியா தெரிகிறது. பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். அவருக்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் தேவை. விட்டால் தொற்று சிறுநீரகம் வரை ஏறக்கூடும்.

எனவே கேட்க வேண்டியது வேறு. இந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாதானா? பாக்டீரியாதான் என்றால், உடம்பே சமாளித்துவிடுமா, மருந்து வேண்டுமா? மருந்து வேண்டும் என்றால் எது, எவ்வளவு, எத்தனை நாள்? பெரும்பாலான சளிக் காய்ச்சல்களுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பாக்டீரியாவிடம் மட்டும் ஏன் பலிக்கிறது

பாக்டீரியா தனித்து வாழும் ஓர் உயிர். தனக்கென்று சுவர் உண்டு, புரதம் தயாரிக்கும் கருவி உண்டு, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும். ஆன்டிபயாடிக் குறிவைப்பது இவற்றைத்தான். பென்சிலின், அமாக்ஸிசிலின், செஃபிக்ஸிம் போன்றவை பாக்டீரியாவைச் சுவர் கட்ட விடாமல் தடுக்கின்றன. வளர வளர சுவர் இளகி, உள்ளழுத்தம் தாங்காமல் அது வெடித்துவிடுகிறது. மனித செல்லுக்கு அந்தச் சுவரே கிடையாது, அதனால்தான் மருந்து நம்மை விட்டுவைக்கிறது. அஸித்ரோமைசினும் டாக்ஸிசைக்ளினும் பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை நிறுத்துகின்றன. சிப்ரோஃப்ளாக்ஸசின் அதன் டி.என்.ஏ.வைக் கையாளும் நொதிகளை முடக்குகிறது.

வைரஸிடம் இவை எதுவும் இல்லை. சுவர் இல்லை, சொந்தப் புரதக் கருவி இல்லை. நம் செல்லுக்குள் புகுந்து, நம்முடைய கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. அடிக்க இடமில்லாத இடத்தில் அடி எப்படி விழும்? அளவைக் கூட்டினாலும், விலை உயர்ந்த மருந்தாக மாற்றினாலும், மாத்திரைக்குப் பதில் ஊசியாகப் போட்டாலும் இது மாறாது. ஜலதோஷம், ஃப்ளூ, கோவிட், டெங்கு, சின்னம்மை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி எல்லாம் வைரஸ் நோய்கள். இவற்றில் ஃப்ளூவுக்கும் சின்னம்மைக்கும் தேவைப்படுபவர்களுக்குத் தரும் வைரஸ் எதிர்ப்பு மருந்துகள் உண்டு. அவை வேறு இனம்.

இன்னொன்றையும் இங்கேயே தெளிவாக்கிவிட வேண்டும். ஆன்டிபயாடிக் என்பது பாராசிட்டமாலின் வீரியமான அண்ணன் அல்ல. அது காய்ச்சலைக் குறைக்கும் மருந்தே அல்ல. சரியான நோய்க்குச் சரியான ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் காய்ச்சல் விட இரண்டு மூன்று நாள் ஆகும். டைபாய்டில் நான்கைந்து நாள்கூடப் பிடிக்கும். "ராத்திரி ஒரு மாத்திரை போட்டேன், காலையில் காய்ச்சல் போய்விட்டது" என்றால், கூடவே போட்ட பாராசிட்டமால் வேலை செய்திருக்கும், அல்லது காய்ச்சலே விடும் நேரம் வந்திருக்கும்.

"போன தடவை கேட்டதே!"

இந்த அனுபவம் பொய்யல்ல, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பொய். சாதாரண சளி முதல் நாள் தொண்டைக் கரகரப்பில் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகும். பிறகு தானாக இறங்கி, 7 முதல் 10 நாளில் ஓயும். யாரும் முதல் நாளே ஆன்டிபயாடிக் தேடிப் போவதில்லை. தாங்க முடியாமல் போகும் மூன்றாம் நாள்தான் போகிறோம். நான்காம் நாள் தேறுகிறோம். எதுவும் விழுங்காமல் இருந்திருந்தாலும் நான்காம் நாள் தேறியிருப்போம். ஆனால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது, அடுத்த முறை இரண்டாம் நாளே கேட்கத் தோன்றுகிறது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்பதும் வலுவாக வேரூன்றிய நம்பிக்கை. அந்தப் பச்சை கிருமியின் நிறம் அல்ல. தொற்றை எதிர்க்க வந்து சேரும் நம் வெள்ளணுக்களில் இரும்புச்சத்துள்ள ஒரு நொதி இருக்கிறது, அதன் நிறம் பச்சை. வைரஸ் சளியிலும் வெள்ளணுக்கள் வரும், மூன்றாம் நாளில் சளி கெட்டிப்பட்டு நிறம் மாறும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. காய்ச்சலின் உயரமும் அப்படியே: ஃப்ளூவில் 103 டிகிரி சர்வ சாதாரணம், முதியவர்களின் நிமோனியாவில் காய்ச்சலே இல்லாமலும் போகலாம்.

நம்பத் தகுந்த அடையாளம் நோயின் போக்கு. வைரஸ் சளி ஏறும், இறங்கும். இறங்கிக்கொண்டிருந்தது ஐந்தாறு நாளுக்குப் பிறகு திடீரென மறுபடி ஏறினால், அதாவது விட்டுப்போன காய்ச்சல் திரும்பி வந்து முகவலியோ நெஞ்சுவலியோ சேர்ந்தால், பாக்டீரியா பின்னால் வந்து உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

தொண்டை, காது, சைனஸ்

தொண்டை வலிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். பார்த்து மருந்து கொடுக்க வேண்டிய பாக்டீரியா ஒன்று உண்டு: ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். தொண்டை வலியோடு வரும் குழந்தைகளில் 100-க்கு 20 முதல் 30 பேருக்கும், பெரியவர்களில் 5 முதல் 15 பேருக்கும் இது இருக்கும். இதைத் தேடுவதற்கு மருத்துவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: 38 டிகிரி செல்சியஸுக்கு (100.4 ஃபாரன்ஹீட்) மேல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைத் திட்டு அல்லது வீக்கம், கழுத்தின் முன்பக்கம் தொட்டால் வலிக்கும் நெறி, இருமல் இல்லாமை. நான்காவதுதான் பலருக்கு ஆச்சரியம் தரும். தொண்டை வலியோடு இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் இருந்தால் அது வைரஸின் பக்கம் சாய்கிறது. மூன்றும் இல்லாமல் தொண்டை மட்டும் திடீரென்று கடுமையாக வலித்தால்தான் ஸ்ட்ரெப் மீது சந்தேகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 3 முதல் 14 வயதுக்குள் இருந்தால் ஒன்று கூட்டுவார்கள், 45 வயதும் அதற்கு மேலும் என்றால் ஒன்று கழிப்பார்கள். ஒன்றோ அதற்குக் குறைவோ வந்தால் பரிசோதனையும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். கூடுதலாக வந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்துச் சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பரிசோதனை இருக்கிறது.

ஸ்ட்ரெப் என்று உறுதியானால் பென்சிலின் அல்லது அமாக்ஸிசிலின், வழக்கமாக 10 நாள். தொண்டை வலியைப் பொறுத்தவரை இதனால் மிச்சமாவது ஒரு நாளுக்கும் குறைவுதான். முக்கியக் காரணம், இதய வால்வுகளைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பது. தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் அந்தப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்பதால், பரிசோதனை முடிவுக்காக ஒன்றிரண்டு நாள் காத்திருப்பதில் ஆபத்தில்லை. பதின்ம வயதினருக்குத் தொண்டை வலியோடு கழுத்தைச் சுற்றிலும் நெறி கட்டி, அசதி வாரக்கணக்கில் நீடித்தால் எப்ஸ்டைன்-பார் வைரஸாக இருக்கலாம். அதற்கு அமாக்ஸிசிலின் கொடுத்தால் உடம்பெங்கும் சிவந்த தடிப்பு எழும்பலாம், அது பிறகு வாழ்நாள் முழுக்க "பென்சிலின் அலர்ஜி" என்று தவறாகப் பதிவாகிவிடும்.

காது வலியில் வயதுதான் முக்கியம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நடுக்காதில் தொற்று இருந்தால் ஆன்டிபயாடிக் உடனே. இரண்டு வயதுக்குள் இரு காதிலும் தொற்று இருந்தாலோ, எந்த வயதிலும் காதிலிருந்து சீழ் வடிந்தாலோ, வலியும் காய்ச்சலும் கடுமையாக இருந்தாலோ அதே முடிவுதான். மற்றவர்களுக்கு வலி மருந்து மட்டும் கொடுத்து 48 முதல் 72 மணி நேரம் பார்க்கலாம். பெரும்பாலான குழந்தைகள் அதற்குள் தேறிவிடுவார்கள். சில மருத்துவர்கள் மருந்துச்சீட்டை எழுதித் தந்து, "இரண்டு நாளில் குறையாவிட்டால் மட்டும் வாங்குங்கள்" என்பார்கள். நல்ல வழி அது. அந்தச் சீட்டை அன்றே கொண்டுபோய் நீட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சைனஸில் பாக்டீரியா என்று சொல்ல மூன்றில் ஒன்று வேண்டும்: 10 நாள் கடந்தும் துளிகூடக் குறையாத சளி, தொடக்கத்திலேயே 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் முகவலியும் மூன்று நான்கு நாள் தொடர்வது, அல்லது மேலே சொன்னபடி குறைந்து மறுபடி ஏறுவது.

நெஞ்சுச் சளியா, நிமோனியாவா

ஆன்டிபயாடிக் அதிகம் வீணாவது இங்கேதான். மூச்சுக்குழாய் அழற்சி, அதாவது காய்ச்சல் விட்ட பிறகும் வாரக்கணக்கில் இழுக்கும் கோழை இருமல், பத்தில் ஒன்பது பேருக்கு வைரஸால் வருவது. இருமல் சராசரியாக இரண்டரை வாரம் இருக்கும். பத்தாம் நாளும் இருமுகிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் தொடங்கத் தேவையில்லை. குழாயின் உள்தோல் ஆற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. ஒரு வயதைத் தாண்டியவர்களுக்குத் தேன் இருமலைக் கொஞ்சம் அடக்கும். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. மூன்று வாரத்தைத் தாண்டினால் கதை வேறு. காசநோய், ஆஸ்துமா, கக்குவான் இருமல் இவற்றைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நிமோனியாவில் தொற்று நுரையீரலின் காற்றறைகளுக்கே போய்விடுகிறது. சிறு குழந்தைகளிடம் அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழி மூச்சை எண்ணுவது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல், முடிந்தால் தூங்கும்போது சட்டையை மேலே தூக்குங்கள். மார்போ வயிறோ ஒருமுறை எழுந்து தாழ்வது ஒரு மூச்சு. 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, பிழை வரும். கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 60 வினாடி எண்ண வேண்டும், கூடுதலாக வந்தால் இன்னொரு முறை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள் இவை: 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம் வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் வேகமான மூச்சு. இருமலோடு இப்படி இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலாவின் அடிப்பகுதி உள்ளே குழிந்தால், உதடு நீலம் பாரித்தால், பால் குடிக்க முடியாமல் துவண்டால், நேரே மருத்துவமனைக்கு.

பெரியவர்களிடம் பார்க்க வேண்டியவை: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே இளைப்பு, துருநிறச் சளி. முதியவர்களிடம் இவற்றுக்குப் பதில் திடீர்க் குழப்பமும் பிதற்றலும் மட்டும் வரலாம். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே தீர்த்துவைக்கும்.

வயிறு, சிறுநீர், தோல், பல்

தண்ணீராகப் போகும் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். காரணம் வைரஸாக இருந்தாலும் பெரும்பாலான பாக்டீரியாவாக இருந்தாலும், சில நாளில் தானே நிற்கும். உயிரைக் காப்பது பாக்கெட்டில் குறிப்பிட்ட அளவு நீரில் கரைத்த ஓ.ஆர்.எஸ். கரைசல், குழந்தைகளுக்குக் கூடவே துத்தநாக மருந்து. மலத்தில் இரத்தமும் சீதமும் காய்ச்சலும் சேர்ந்தால், அல்லது காலரா என்று சந்தேகித்தால் மருத்துவர் ஆன்டிபயாடிக் தருவார். இரத்தம் போகிறது என்றாலும் தானாக வாங்கிப் போடக் கூடாது என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது: நச்சு சுரக்கும் ஒரு வகை இ. கோலை கிருமியில் ஆன்டிபயாடிக் சிறுநீரகச் செயலிழப்பின் அபாயத்தைக் கூட்டக்கூடும்.

நீர்க்கடுப்பில் நிலைமை நேர்மாறு. பெண்களுக்கு எரிச்சலும் அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவதும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் பாக்டீரியாதான், மருந்து பலிக்கும். நைட்ரோஃபுராண்டாயின் 5 நாள், அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே வேளை போன்ற சிறிய சிகிச்சையே போதும். காய்ச்சலும் நடுக்கமும் விலாப்பக்க வலியும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகத்துக்குப் போய்விட்டது என்று பொருள். அங்கே நைட்ரோஃபுராண்டாயின் உதவாது, ஏனென்றால் அந்த மருந்து சிறுநீரில் சேர்கிற அளவுக்குச் சிறுநீரகத் திசுவில் சேர்வதில்லை. கிருமி ஒன்றானாலும் இடம் மாறினால் மருந்தும் மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, நாற்றம் அடிக்கிறது என்பது மட்டும் தொற்றின் அறிகுறி அல்ல. தொந்தரவு எதுவும் இல்லாத முதியவரின் சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்தால், பொதுவாக அதை விட்டுவிடுவதே சரி. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் விதிவிலக்கு.

தோலில் சீழ் பிடித்த சிறு கட்டிக்கு முதல் மருந்து கீறிச் சீழை வெளியேற்றுவது. சீழுக்கு உள்ளே இரத்த ஓட்டம் இல்லை, விழுங்கிய மாத்திரை அங்கே சரியாகப் போய்ச் சேராது. சுற்றிலும் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ ஆன்டிபயாடிக்கையும் சேர்ப்பார்கள். கட்டி இல்லாமல் தோல் சிவந்து, சூடாகி, வலியோடு பரவினால் அது செல்லுலைட்டிஸ். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும். சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு, நேரத்தையும் அருகில் எழுதி வையுங்கள். மருந்து தொடங்கிய முதல் நாள் சிவப்பு கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகும் தாண்டிக்கொண்டே போனால் மருந்து கேட்கவில்லை.

பல்வலிக்கு ஆன்டிபயாடிக் போட்டு நாளைக் கடத்துவது பெரும்பாலும் வீண். வலி பல்லின் உள்ளே இருக்கிறது, தீர்வு பல் மருத்துவரின் கையில் இருக்கிறது. முகம் வீங்கினால், காய்ச்சல் வந்தால், வாய் திறக்க முடியாமல் போனால் மருந்தும் வேண்டும், அவசரமும் உண்டு.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

தேவையில்லாத இடத்தில் ஆன்டிபயாடிக்கைத் தவிர்ப்பது எவ்வளவு முக்கியமோ, தேவையான இடத்தில் தாமதிக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். மூளைக்காய்ச்சலிலும், தொற்று முற்றி உறுப்புகளே செயலிழக்கத் தொடங்கும் செப்சிஸிலும் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வெளிச்சம் பார்க்க முடியாத தலைவலி, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள், குழப்பம், எழுப்பினால் எழாத மயக்கம், கை கால் சில்லிட்டுப் போவது, வேகமான மூச்சு, வெகுநேரம் சிறுநீரே போகாதது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே, வேறு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும், அன்றே காட்ட வேண்டும்.

டைபாய்டு, காசநோய், எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் ஆகியவையும் பாக்டீரியா நோய்களே. ஆன்டிபயாடிக் இல்லாமல் சரிப்படாதவை, அல்லது ஆபத்தில் முடியக்கூடியவை. உண்ணிக் காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கலாம், வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரம் நீடித்தால் உடம்பு முழுக்கத் தேடிப் பார்க்க வேண்டும். டைபாய்டைப் பொறுத்தவரை வைடல் பரிசோதனை பல நேரம் ஏமாற்றும். முதல் வாரத்தில் எடுக்கும் இரத்தக் கல்ச்சர்தான், அதாவது இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைதான் நம்பகமானது. எந்தக் கல்ச்சரையும் முதல் வேளை ஆன்டிபயாடிக்குக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒரே ஒரு வேளை போட்டிருந்தாலும் கிருமி வளராமல் போய், எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு கைநழுவும். சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ஒரு புரதம்), வெள்ளணு எண்ணிக்கை போன்ற இரத்தப் பரிசோதனைகள் சந்தேகத்தை ஒரு பக்கம் சாய்க்கும், தனியாகத் தீர்ப்பு சொல்லாது. வைரஸ் காய்ச்சலிலும் சி.ஆர்.பி. கூடும்.

தேவையில்லாமல் போட்டால் என்ன நஷ்டம்

"கேட்டால் கேட்கட்டும், கேட்காவிட்டால் என்ன நஷ்டம்?" நஷ்டம் உண்டு. குடலில் நமக்குத் துணையாக வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களையும் மருந்து சேர்த்தே அழிக்கிறது, வயிற்றுப்போக்கு அதனால்தான். சிலருக்கு அந்தக் காலி இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிக் கடுமையான குடல் அழற்சியாகிவிடும், அது மருந்தை முடித்துப் பல வாரம் கழித்துக்கூட வரும். சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை குதிகால் தசைநாரைப் பலவீனப்படுத்தி அறுக்கக்கூடும். குதிகாலில் புதிதாக வலி வந்தால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கிருமிகள் மருந்தை எதிர்க்கும் திறன் பெறுவது இதைவிடப் பெரிய நஷ்டம். மருந்து பட்டதும் பலவீனமான பாக்டீரியாக்கள் சாக, தாக்குப்பிடித்தவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. அவை உங்கள் குடலிலும் தோலிலும் பல மாதம் தங்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் போகும். அடுத்து வரும் நீர்க்கடுப்புக்கு முதல் மருந்து கேட்காமல் போவது இப்படித்தான். 1928-இல் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங், 1945-இல் தன் நோபல் உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார். 2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறது. அமாக்ஸிசிலின், டாக்ஸிசைக்ளின், நைட்ரோஃபுராண்டாயின் முதலில் எடுக்க வேண்டிய குழு. அஸித்ரோமைசின், செஃபிக்ஸிம், சிப்ரோஃப்ளாக்ஸசின் எல்லாம் எச்சரிக்கையோடு தொட வேண்டிய குழு. கோலிஸ்டின், லினிசோலிட் போன்றவை வேறு வழியே இல்லாதபோது மட்டும். சாதாரண சளிக்கு அஸித்ரோமைசின் மூன்று நாள் என்று கைக்கு வந்தபடி போடுவது ஏன் வருத்தம் தருகிறது என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தால் புரியும்.

எழுதிக் கொடுத்தால், சரியாகப் போட

நாளுக்கு மூன்று வேளை என்றால் ஏறக்குறைய 8 மணிக்கொரு தடவை, இரண்டு வேளை என்றால் 12 மணிக்கொரு தடவை. இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கிவிடாமல் இருக்கத்தான் இந்த இடைவெளி. ஒரு வேளை தவறினால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. டாக்ஸிசைக்ளினையும் சிப்ரோஃப்ளாக்ஸசினையும் பாலோடோ இரும்பு, கால்சிய மாத்திரைகளோடோ அமிலக் குறைப்பு மருந்தோடோ சேர்த்துப் போட்டால் குடலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மருந்து உடம்பில் சரியாக ஏறாது. டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

குழந்தைகளுக்கான சிரப் தூளாகத்தான் வரும். முதலில் பாட்டிலைத் தட்டித் தூளை உதிர்த்துக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்து முழுதாக ஆறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பின் கோடு வரை ஊற்றி மறுபடி குலுக்குங்கள். சுடுநீர் ஊற்றினால் மருந்து கெடும். நுரையைக் கோடாக நினைத்து நீரைக் குறைத்தால் மருந்தின் செறிவு கூடிவிடும். கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். பெரும்பாலானவை 7 நாளுக்குத்தான், குளிரில் வைக்க வேண்டுமா என்பது லேபிளில் இருக்கும். ஒவ்வொரு வேளையும் குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் நீர்த்ததும் கடைசியில் கெட்டியானதுமாகப் போகும். அமாக்ஸிசிலின் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் 250 மில்லிகிராம் என்றும் இரண்டு வகையில் வருகிறது. 250 மில்லிகிராம் கொடுக்க முதலாவதில் 10 மில்லி வேண்டும், இரண்டாவதில் 5 மில்லி போதும். போன தடவை 10 மில்லி கொடுத்தோம் என்று பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். சமையலறைக் கரண்டி வேண்டாம், அளவுக் குழலோ மூடியோ பயன்படுத்துங்கள்.

எத்தனை நாள் என்பது நோய்க்கு நோய் மாறும்: நீர்க்கடுப்புக்கு 3 முதல் 5 நாள், நன்றாகத் தேறிவரும் பெரியவரின் நிமோனியாவுக்கு 5 நாள், ஸ்ட்ரெப் தொண்டைக்கு 10 நாள், காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம். நீண்ட நாள் போட்டால்தான் நல்லது என்ற பழைய எண்ணம் பல நோய்களில் தளர்ந்துவிட்டது. ஆனால் எப்போது நிறுத்துவது என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சீக்கிரம் தேறிவிட்டால் மருத்துவரிடமே கேளுங்கள். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

மருத்துவரிடம் போகும்போது நோய் தொடங்கிய நாள், காய்ச்சலின் உச்சம், இடையில் குறைந்து ஏறியதா, கடந்த மூன்று மாதத்தில் போட்ட ஆன்டிபயாடிக், கர்ப்பம், சிறுநீரக நோய், தினசரி மருந்துகள் இவற்றைச் சொல்லுங்கள். பென்சிலின் அலர்ஜி என்றால் என்ன நடந்தது என்பதை விவரமாகச் சொல்ல வேண்டும். போட்ட ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் வந்தது என்றால் அது ஆபத்தான அலர்ஜி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ மட்டும் வந்தது என்றால் அது அலர்ஜியே அல்ல. தங்களுக்கு பென்சிலின் அலர்ஜி என்று நம்புகிறவர்களைப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்கிறது.

ஆன்டிபயாடிக் தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஓரளவாவது தேற்றம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் "இன்னும் வீரியமானது" தேடி மருந்துக் கடைக்குப் போகாமல், எழுதிக் கொடுத்தவரிடமே திரும்பிப் போங்கள். அளவு போதாமல் இருக்கலாம், கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம், கீறி எடுக்க வேண்டிய சீழ் உள்ளே எங்கோ தேங்கியிருக்கலாம், அல்லது ஆரம்பத்திலிருந்தே அது வைரஸாக இருந்திருக்கலாம். இந்த நான்குக்கும் செய்ய வேண்டியது நான்கு விதம். அதில் கடைசிக்கு, மருந்தை நிறுத்துவதுதான் சிகிச்சை.